ஐந்து நாள் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்: மென்பொருள் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

நம் அறக்கட்டளையின் பள்ளி, கல்லூரி அலுவலகக் கணினிகளிலிருந்து லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற இலவச ஆபிஸ் மென்பொருளை நீக்கிவிட்டு, வரும் கல்வியாண்டு முதல் எல்லா இருக்கைகளுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் சந்தா வாங்குவதாக முடிவெடுத்துச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். பணியாளர்களை லிப்ரெஆபிஸில் வேலை செய்யவைத்து நீங்கள் நடத்திய ஐந்து நாள் சோதனைக்குப் பிறகு வந்த அந்தச் சுற்றறிக்கையில் காரணம் என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: புதிய மென்பொருள் (லிப்ரெஆபிஸ்) பயன்படுத்தக் கடினமாக இருப்பதாகப் பெரும்பாலான பணியாளர்கள் கருத்துத் தெரிவித்துள்ளனர். இந்த ஒரு வரியின் மேல் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரப்போகும் ஒரு செலவைக் கட்டியெழுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

அலுவலகங்களில் கணினிகளை நிறுவிப் பராமரிப்பவர்களும், வினாத்தாள் தட்டச்சு செய்பவர்களும், கணினி ஆய்வகத்தில் பாடம் நடத்துபவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடினம் என்று சொன்ன பணியாளர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொரு தொல்லையும் நடந்தது. ஏன் நடந்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எங்கள் குறை.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பாருங்கள். நம் அலுவலகங்களில் பாதிக்கு மேற்பட்ட கடிதங்களும் வினாத்தாள்களும் இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு கிடையாது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துதான்; தமிழ் உருவத்தை மட்டும் மேலே போர்த்திக்கொண்டிருக்கிறது. சிறிய ‘ஜி’ தட்டினால் ‘ப’ வரும், ஷிஃப்ட்டோடு தட்டினால் ‘பு’ வரும். சிறிய ‘கே’ என்றால் ‘ம’, பெரிய ‘கே’ என்றால் ‘மு’. சிறிய ‘எம்’ ‘அ’, பெரிய ‘எம்’ ‘ஆ’. இப்போது, புதிதாக நிறுவிய எந்த ஆபிஸ் மென்பொருளிலும், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். தட்டச்சர் ‘பள்ளி’ என்று அடிக்கிறார். அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் அது ‘புள்ளி’ ஆகிவிடுகிறது. ‘மதிப்பெண்’ என்று தொடங்கினால் ‘முதிப்பெண்’. ‘அம்மா’ என்றால் ‘ஆம்மா’. முதிப்பெண் என்பது கண்ணில் பட்டுவிடும். பள்ளி புள்ளியானது மெய்ப்புப் பார்க்கும்போதுகூடத் தப்பிவிடும், ஏனென்றால் புள்ளி என்பதும் ஒரு சொல்தான்.

இதைப் பார்த்த தட்டச்சர் என்ன சொல்வார்? “இதில் தமிழ் தப்புத் தப்பாக வருகிறது” என்பார். சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் இதே வசதி வேர்டிலும் உண்டு. அவருடைய பழைய கணினியில் யாரோ ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த டிக்கை எடுத்துவிட்டார். அதை எடுத்தது அவருக்கே நினைவிருக்காது. லிப்ரெஆபிஸில் டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்து, ஆப்ஷன்ஸ் பக்கத்தில், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய எழுத்துகளைத் திருத்துவது ஆகிய இரண்டு வரிகளிலும் டிக்கை எடுத்தால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. சோதனைக்கு வைத்த கணினிகள் ஒன்றில்கூட இதைச் செய்யவில்லை. பாமினி எழுத்தை ஆங்கிலம் என்று நினைத்துப் பக்கம் முழுவதும் சிவப்புக் கோடு போடுகிறதே, அதுவும் ஷிஃப்ட்டும் எஃப்7 விசையும் சேர்த்துத் தட்டினால் நின்றுவிடும். இதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த புகார், பிரின்ட் சரியாக வருவதில்லை என்பது. நிறுவியபோது மொழி அமைப்பை ஆங்கிலம் (அமெரிக்கா) என்றே விட்டுவிட்டார்கள். அப்படி விட்டால் புதிய பக்கம் லெட்டர் அளவில் திறக்கும். ஏ4 அளவில் திறக்காது. லெட்டர் தாள் 279 மில்லிமீட்டர் உயரம், ஏ4 297 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் குறைந்தால் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று வரி போய்விடும். இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டிய வினாத்தாள் மூன்றாம் பக்கத்தில் நாலைந்து வரியோடு நிற்கும். இதைச் சரிசெய்ய டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய் லோக்கேல் என்பதை ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்ற வேண்டும். அந்த ஒரு மாற்றத்தில் ஏ4 தாள், ரூபாய்க் குறி, லட்சம் கோடி என்று பிரியும் காற்புள்ளி எல்லாமே சேர்ந்து வந்துவிடும்.

மூன்றாவது, சேமிக்கும்போது வரும் கேள்வி. வேர்டு வடிவத்தில் சேமிக்கப் போனால் இந்த வடிவத்திலேயே வைக்கவா, தன் சொந்த வடிவமான ஓடிஎஃப்புக்கு மாற்றவா என்று லிப்ரெஆபிஸ் ஒவ்வொரு முறையும் கேட்கும். பணியாளருக்கு அது பிழைச் செய்திபோலத் தெரிகிறது. பயந்துபோய் ஏதோ ஒன்றை அழுத்துகிறார்; கோப்பு ஓடிடி (ஓடிஎஃப் வகைக் கடிதக் கோப்பு) ஆகிவிடுகிறது; மின்னஞ்சலில் போன இடத்தில் “ஃபைல் திறக்கவில்லை” என்று போன் வருகிறது. லோடு/சேவ் என்ற பிரிவில் ஜெனரல் பக்கத்துக்குப் போய், எப்போதும் வேர்டு வடிவத்திலேயே சேமி என்று தேர்ந்தெடுத்து, கீழே உள்ள எச்சரிக்கை டிக்கையும் எடுத்துவிட்டால் அந்தக் கேள்வி மறுபடி வராது. எக்செல், பவர்பாயின்ட் ஆகியவற்றுக்கு இணையான கால்க், இம்ப்ரெஸ் இரண்டுக்கும் அதே பக்கத்தில் ஆவண வகையை மாற்றித் தனித்தனியாக வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் “வேர்டுக்குச் சரியாகிவிட்டது, எக்செல்லுக்கு இன்னும் கேட்கிறது” என்கிறார்கள்.

லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துருவைப் பற்றியும் புகார் வந்ததாகச் சுற்றறிக்கையின் இணைப்பில் இருக்கிறது. பழைய கடிதங்களைத் திறந்தால் வரிகள் இடம் மாறுகின்றன என்பது புகார். இந்தப் பழி லிப்ரெஆபிஸின் மேல் விழுந்திருக்கக் கூடாது. விண்டோஸ் 10 வந்ததிலிருந்து, தமிழ் மொழியைச் சேர்க்காத கணினிகளில் லதா, விஜயா என்ற இரண்டு எழுத்துருக்களும் தானாக நிறுவப்படுவதில்லை. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பு என்று தனியாகக் கிடக்கின்றன. சோதனைக்கு நீங்கள் வைத்தவை புதிய கணினிகள். அவற்றில் லதா இல்லை. லதா இல்லாத கணினியில் அதே கடிதத்தை வேர்டில் திறந்தாலும் நிர்மலா யுஐ போன்ற வேறோர் எழுத்துருதான் வந்து நிற்கும், வரிகளும் மாறும். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் லிபரேஷன் செரிஃப் என்று ஆங்கிலத்துக்கு அகலம் பிசகாத மாற்று எழுத்துருக்கள் லிப்ரெஆபிஸோடு வருகின்றன. லதாவுக்கு அப்படி ஒன்று அதில் வருவதில்லை. ஆகவே எழுத்துருவை நிறுவுவது ஒன்றே வழி, எந்த மென்பொருளாக இருந்தாலும்.

இப்படி நான்கைந்து அமைப்புகள்தான். ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரிசெய்து, லிப்ரெஆபிஸை மூடிவிட்டு, பயனர் கோப்புறையில் இருக்கும் ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ் என்ற கோப்பையும் டெம்ப்ளேட் கோப்புறையையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் மற்ற கணினிகளில் ஒட்டினால் போதும். கணினிக்கு ஐந்து நிமிடம் ஆகும். அது நடக்காமல் சோதனை நடந்தது.

இப்போது உங்கள் கேள்வித்தாளுக்கு வருகிறோம். ஐந்தாம் நாள் மாலை பணியாளர்களிடம் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: எது பயன்படுத்த எளிது? இந்தக் கேள்விக்குப் பதினைந்து ஆண்டுகளாக வேர்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? கை தானாகப் போகும் இடத்தில் பட்டன் இருந்தால் எளிது, இல்லாவிட்டால் கடினம். நீங்கள் அளந்தது அவர்களுடைய பழக்கத்தை.

எளிது என்ற எண்ணத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் இந்த வேறுபாட்டை எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1989இல் ஃபிரெட் டேவிஸ் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இரண்டு எண்ணங்களைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, இந்தக் கருவி என் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம். மற்றது, இதைப் பயன்படுத்தப் பெரிய முயற்சி வேண்டியிருக்காது என்ற எண்ணம். இரண்டுமே மனிதர் மனத்தில் இருப்பவை. மென்பொருளின் மேல் அச்சடித்து வருபவை இல்லை. பயிற்சி கொடுத்தால் மாறும், நாள் ஆக ஆக மாறும். ஒரே ஒரு நாளில் எடுத்த கணக்கை நிரந்தரக் குணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நம் அலுவலகங்களிலேயே சான்று இருக்கிறது. ஆபிஸ் 2007 வந்து மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டன் பட்டையை வைத்தபோது, 2003 பதிப்பில் பழகியவர்கள் பிரின்ட் எங்கே, சேவ் எங்கே என்று தேடினார்கள். மேல் மூலையில் இருந்த வட்டப் பட்டனுக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று தெரியவே பலருக்கு நாட்கள் ஆயின. அடுத்து வந்த 2010 பதிப்பில் அந்த வட்டத்தை எடுத்துவிட்டு ஃபைல் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்று ஐந்தாம் நாளில் கருத்துக் கேட்டிருந்தால் ரிப்பனும் தோற்றிருக்கும். இன்று அதே ரிப்பனைத்தான் எளிமையின் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உங்கள் கவனத்துக்கு வரவில்லை. தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் சொல்லித்தருவது ஓபன்ஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் ரைட்டரையும் (வேர்டுக்கு இணையானது) கால்க்கையும். லிப்ரெஆபிஸ் அதே மரபில் 2010இல் பிரிந்து வந்தது. மெனுக்கள் பெரும்பாலும் ஒன்றே. நம் பள்ளிகளிலேயே அந்தப் பாடத்தைப் படித்து, அதிலேயே செய்முறைத் தேர்வு எழுதி வெளியே வரும் மாணவர்கள் வேர்டைத் திறந்தால் பக்க அமைப்பு எங்கே என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு ரிப்பன்தான் கடினம். உங்கள் முடிவின்படி ஆய்வகக் கணினிகளிலும் லிப்ரெஆபிஸ் நீக்கப்படுமா என்பதற்குச் சுற்றறிக்கையில் விடை இல்லை.

லிப்ரெஆபிஸில் எல்லாமே எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பழக்கத்தால் தீராத கடினங்களும் அதில் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் முடிவு அவற்றைப் பார்த்து எடுத்ததாக இருந்திருந்தால் இந்த மடலே எழுதியிருக்க மாட்டோம்.

யூனிகோடு தமிழில் அடிப்பவர்களுக்குப் பெரிய தொல்லை எழுத்தின் அளவு. ரைட்டர் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு ஓர் எழுத்துரு என்று இரண்டை உள்ளே வைத்திருக்கிறது. என்எச்எம் ரைட்டர் போன்ற தனித் தமிழ்த் தட்டச்சுக் கருவிகளால் அடிக்கும்போது விண்டோஸ் இன்னும் ஆங்கில விசைப்பலகையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். வெற்றுப் பக்கத்தில் அளவை 14 என்று மாற்றினால் அது ஆங்கிலத்துக்குப் போய்ச் சேரும். அடிக்கும் தமிழ் 12லேயே நிற்கும். அடித்து முடித்துத் தேர்வு செய்து மாற்றினால் மாறும். நிலையான தீர்வு, டெம்ப்ளேட்டின் அடிப்படைப் பத்தி நடையில் தமிழ்ப் பகுதிக்கான எழுத்துருவையும் அளவையும் ஒருமுறை வைத்துவிடுவது. தீர்வு இருக்கிறது என்றாலும், இது மென்பொருளின் குறைதான்.

நீளமான ஆவணத்தின் நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் குறுக்காகத் திருப்புவது வேர்டில் செக்‌ஷன் பிரேக் போட்டு ஓரியன்டேஷனை மாற்றும் வேலை. ரைட்டரில் பக்க நடை என்ற கருத்தைப் புரிந்துகொண்டால்தான் முடியும்: மேனுவல் பிரேக்கில் லேண்ட்ஸ்கேப் நடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முடிந்தபின் மறுபடி இயல்பு நடைக்குத் திரும்ப வேண்டும். ஆண்டறிக்கை தயாரிக்கும் கல்லூரி அலுவலகங்களுக்கு இது முக்கியம். பட்டியலில் உள்ள பெயர்களை நிரப்பி ஹால் டிக்கெட், பெற்றோர் கடிதம் போன்றவற்றை மொத்தமாக எடுக்கும் மெயில் மெர்ஜ் வேலையும் வேர்டில் சுலபம். ரைட்டரில் முதலில் எக்செல் பட்டியலைத் தரவு மூலமாகப் பதிவு செய்ய வேண்டும், அந்த இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களான எக்செல் மேக்ரோக்களில் சில ஓடும், சில ஓடாது. வெளித் தரவை எடுத்துச் சீராக்கும் எக்செல்லின் பவர் குவெரி வசதி கால்க்கில் கிடையாது. கால்க்கில் பேக்ஸ்பேஸ் தட்டினால் எதை அழிக்கட்டும் என்று ஒரு பெட்டி திறக்கும். செல்லுக்குள் அடுத்த வரிக்குப் போக ஆல்ட் எண்டர் போதாது, கன்ட்ரோல் எண்டர் வேண்டும். கடைசி இரண்டும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முதலில் சொன்னவை அப்படி வராது.

மறுபக்கத்தையும் எடுத்துவைக்க வேண்டும். கணக்குப் பிரிவில் 12,34,567 என்று வர வேண்டிய தொகை எக்செல்லில் 1,234,567 என்று வருவதை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள். விண்டோஸின் பிராந்திய அமைப்பை இந்தியாவுக்கு மாற்றியிருந்தால் எக்செல் சரியாகப் போடும். மாற்றாத கணினியில் கோடிக்கு ஒன்று, லட்சத்துக்கு ஒன்று என்று நிபந்தனை வைத்து நீளமான எண் வடிவத்தைக் கையால் எழுத வேண்டும். கால்க்கில் எண் வடிவத்திலேயே லட்சப் பிரிவைச் சொல்லிவிடலாம். விண்டோஸ் எப்படி இருந்தாலும் அது கவலைப்படாது.

கணித ஆசிரியர்களின் சிக்கல் இதைவிடப் பெரியது. பழைய வினா வங்கிகளில் உள்ள பின்னங்களும் வர்க்கமூலங்களும் ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்ற கருவியில் போடப்பட்டவை. பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் வந்த அப்டேட்டில் அந்தக் கருவியையே நீக்கிவிட்டது. அப்டேட் ஆன 2010, 2013 பதிப்புகளில் அந்தச் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரியும், உள்ளே போய்த் திருத்த முடியாது. எண்ணை மட்டும் மாற்றி அடுத்த ஆண்டு வினாத்தாள் எடுப்பது நின்றுபோனது. லிப்ரெஆபிஸில், லோடு/சேவ் பிரிவில் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் பக்கத்தில் மேத்டைப் வரியில் டிக் வைத்தால், அந்தப் பழைய சமன்பாடுகளைத் தன் சொந்தச் சமன்பாடாக மாற்றித் திறக்கும், திருத்தலாம். கணித ஆசிரியர் ஒருவரையாவது சோதனையில் சேர்த்திருந்தால் இது உங்கள் காதுக்கு வந்திருக்கும். சோதனைப் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் அலுவலகப் பணியாளர்கள்.

தோற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டபிள்யூபிஎஸ், ஒன்லிஆபிஸ் என்ற வேறு இரண்டு ஆபிஸ் மென்பொருள்களையும் முதல் நாளில் யாரிடம் கொடுத்தாலும் எளிது என்பார்கள், ஏனென்றால் அவற்றின் முகம் வேர்டின் முகத்தைப் போலவே இருக்கிறது. முகத்தால் மட்டும் கிடைக்கும் மதிப்பெண் அது. முகம்தான் பிரச்சினை என்றால் லிப்ரெஆபிஸிலும் வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்பதைத் திறந்து டேப்ட் என்று தேர்ந்தெடுத்தால் ரிப்பன் போன்ற பட்டை வந்துவிடும், 6.2 பதிப்பிலிருந்து இது உண்டு. சோதனைக் கணினிகளில் பழைய மெனுத் தோற்றம்தான் இருந்தது. ஒருவருக்குக்கூட இன்னொரு தோற்றம் இருப்பது காட்டப்படவில்லை.

சுற்றறிக்கையில் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கும் கட்டற்ற ஆபிஸ் மென்பொருளுக்கும் மாற்றும் வேலையை அந்த நகராட்சி 2013இல் முடித்ததும், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்ததும் உண்மை. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு ஏறத்தாழ 30,000 கணினிகளை லிப்ரெஆபிஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்ததும் உண்மை. பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கின்றன. எடுத்துக்காட்ட இரண்டு பக்கமும் ஊர்கள் உண்டு. நம் தட்டச்சரின் மேசையில் என்ன நடக்கிறது என்பதற்கு அவை எதுவும் பதிலாகாது.

மேசையில் நடப்பதை அளக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. முதலில், இரண்டு மென்பொருளையும் மேலே சொன்னபடி சரியாக அமைத்துக் கொடுங்கள். வேர்டுக்கும் அதே உரிமை உண்டு. அதையும் புதிதாக நிறுவி அதே கவனத்தோடு அமைக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே வேலைகளைக் கொடுங்கள். தமிழும் கணிதமும் கலந்த இரண்டு பக்க வினாத்தாள். ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியலில் கூட்டல், சதவீதம், தரவரிசை. லெட்டர்பேடில் ஒரு கடிதம், பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது வரை. பட்டியலிலிருந்து பத்து ஹால் டிக்கெட். வெளியிலிருந்து வந்த ஒரு வேர்டு கோப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை பிழை, எத்தனை முறை பக்கத்து இருக்கையைக் கேட்டார் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் முதலில் வேர்டிலும் பிறகு லிப்ரெஆபிஸிலும், மீதிப் பேர் மாற்றியும் செய்ய வேண்டும். ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யும்போது யாருக்கும் வேகம் கூடும், அந்த ஆதாயம் ஒரு பக்கமே போகக் கூடாது.

கருத்தையும் கேளுங்கள், ஆனால் ஒற்றைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய பத்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் உலகம் முழுதும் புழக்கத்தில் இருக்கிறது; எஸ்யூஎஸ் என்பார்கள். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாகவும் இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாகவும் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படைக்குக் கொடுத்த எண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படைக்குக் கொடுத்ததை 5இலிருந்து கழிக்க வேண்டும். பத்தையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100க்குள் ஓர் எண் வரும். பாராட்டு வாக்கியங்கள் ஐந்துக்கும் 4, குறை வாக்கியங்கள் ஐந்துக்கும் 2 என்று ஒருவர் போட்டால் பத்தும் மூன்று மூன்றாகக் கூடி 30; பெருக்கினால் 75. எல்லாவற்றுக்கும் நடுவில் 3 போட்டவருக்கு 50. இதைச் சதவீதமாக நினைத்துவிடக் கூடாது. 68ஐ ஒட்டிய எண்ணைத்தான் சராசரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாக்கியங்களை நல்ல தமிழில் மொழிபெயர்க்க வேண்டும், குறை வாக்கியங்களில் “இல்லை” இரண்டு முறை வந்து குழப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே சறுக்கினால் எண்ணே பொய்யாகிவிடும்.

இதை முதல் வார முடிவில் ஒருமுறை, நான்காம் வார முடிவில் ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பழக்கம். நான்காம் வாரத்திலும் இறங்கியே நிற்கும் வேலை எதுவோ, அதுதான் மென்பொருளின் கடினம். மெயில் மெர்ஜ் அப்படி நிற்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். வினாத்தாள் நிற்காது என்றும் எதிர்பார்க்கிறோம். எங்கள் எதிர்பார்ப்பு தவறாகவும் இருக்கலாம். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சந்தாவுக்கான கொள்முதல் ஆணையை எட்டு வாரம் நிறுத்தி வையுங்கள். அதுவரை எந்தக் கணினியிலிருந்தும் லிப்ரெஆபிஸை நீக்க வேண்டாம். 11ஆம் வகுப்பு ஆய்வகக் கணினிகளில் அது நீக்கப்படாது என்று இப்போதே எழுத்தில் அறிவியுங்கள்.

ஐந்து நாள் சோதனையில் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது, யார் அமைத்தார்கள், என்ன எழுத்துருக்கள் இருந்தன, பணியாளர்கள் தங்கள் சொற்களில் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதைப் பெயர்களை மறைத்து எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள். கடினம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் என்னென்ன இருந்தன என்று அந்தப் பணியாளர்களே பார்க்கட்டும்.

மறு சோதனை நடத்துங்கள். அதில் தட்டச்சர்கள், கணக்குப் பிரிவினர், கணித ஆசிரியர்கள், பாமினியில் அடிப்பவர்கள், யூனிகோடில் அடிப்பவர்கள் எல்லோரும் இருக்க வேண்டும். கணினிகளை அமைத்துக் கொடுக்கும் வேலையையும் அரை நாள் பயிற்சியையும் நாங்கள் ஊதியமின்றிச் செய்கிறோம்; வேர்டுக்கான பயிற்சியை நீங்கள் தேர்ந்தெடுக்கும் யாரும் கொடுக்கலாம்.

முடிவை இருக்கைவாரியாக எடுங்கள். மெயில் மெர்ஜும் மேக்ரோவும் தினமும் தேவைப்படும் இருக்கைகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் வாங்குவதில் எங்களுக்கு மறுப்பில்லை. கடிதமும் வினாத்தாளும் மட்டும் அடிக்கும் இருக்கைக்கும் அதே சந்தா ஏன் என்பதற்கு, மறு சோதனையின் எண்களோடு, எழுத்தில் விடை தாருங்கள்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாறுவதற்கு ஒரு தேதியையும் அதற்கான பயிற்சியையும் இதே முடிவில் சேருங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று 2010இலேயே ஆணை வெளியிட்டுவிட்டது. எந்த ஆபிஸை வாங்கினாலும் பள்ளி புள்ளியாவது இதைச் செய்யாமல் அடியோடு நிற்கப்போவதில்லை.

இந்த மடலுக்கு 15 நாட்களுக்குள் குழுவின் பதிலை எல்லா அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர்கள், தட்டச்சர்கள், ஆய்வக ஆசிரியர்கள்